மக்கள் அமரும் இடத்திற்கு ஒளி



பங்குத் திருவிழாவோ கிறிஸ்து பிறப்பு விழாவோ நெருங்கும்போது நன்கொடையாளர்கள் பங்குத்தந்தையைத் தேடி வருவது வழக்கம். பீடத்திற்கு அழகிய விளக்கு வாங்கித் தர ஒருவர் முன்வருவார். மாதா கெபியைச் சுற்றி வண்ணச் சரவிளக்குப் போட இன்னொருவர் விரும்புவார். கோபுரத்து உச்சிச் சிலுவை பல கல் தொலைவுக்கு ஒளிவீச வேண்டும் என்பது வேறொருவருடைய நேர்ச்சையாக இருக்கும். இவையெல்லாம் நல்ல உள்ளத்திலிருந்து பிறப்பவை, குறை கூறுவதற்கில்லை. ஆயினும், "சனங்க உட்கார்ற எடத்துக்கு நாலு விளக்குப் போட்டுக் குடுக்கறனுங்க சாமி" என்று கேட்டு வருவோர் மிக அரியர். அவ்விடத்து விளக்குகள் பாதி எரியும், பாதி மினுக்கும். ஒன்று பழுதானால் அதை மாற்றும் நினைவு அடுத்த திருவிழாவுக்குத்தான் வரும்.

எனவே இம்மாதம் கோவிலின் அந்தப் பகுதியைப் பற்றியே எழுத எண்ணுகிறேன். பீடமன்று, சுரூபங்களுமன்று, நீங்கள் அமர்கின்ற இடம். அங்கே ஒளி எவ்வளவு விழவேண்டும், எத்திசையிலிருந்து விழவேண்டும் என்பது மின்பணியாளர் ஒருவரே முடிவு செய்துவிடக்கூடிய காரியமன்று. அதில் திருவழிபாடும் அடங்கியிருக்கிறது.

இவ்விடம் இருளிலேயே இருந்துவிட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. நம் சேலம் மறைமாவட்டம் 1930-ஆம் ஆண்டில் உருவாயிற்று. அந்நாளில் பூசை காலை வேளையில், இலத்தீன் மொழியில் நடந்தது. குரு பீடத்தை நோக்கி நின்று செபிப்பார். மக்கள் பின்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வர். அல்லது மனப்பாடமாய் அறிந்த செபங்களை முணுமுணுப்பர். கையில் புத்தகம் வைத்திருந்தவர் சிலரே. ஆகவே பீடத்தில் ஒளி இருந்தால் போதுமானதாயிற்று. மக்கள் பக்கத்து மங்கல் ஒரு குறையாகவே தோன்றவில்லை. பக்திக்கு உகந்தது என்றும் கருதப்பட்டது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்து, மின்சாரம் இச்சமவெளியின் ஊர்களுக்குப் படிப்படியாய் வந்தபோதும், கோவிலின் முதல் விளக்குப் பீடத்தின் பக்கமே போயிருக்கும். அது இயல்புதான்.

மின்சார விளக்கைப் பற்றி உரோமை மிக முன்னதாகவே பேசியிருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1895-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் திருச்சடங்குகளின் பேராயம் ஒரு வினாவுக்கு விடை அளித்தது. வழிபாட்டுப் பொருளாக, அதாவது மெழுகுத்திரிக்குப் பதிலாக, மின்விளக்கு ஆகாது என்றது. இருளை அகற்றவும் கோவிலைச் சிறப்பாக ஒளியூட்டவும் ஆகும் என்றது. ஆனால் அது நாடகக் கொட்டகையின் சாயலைப் பெற்றுவிடாதபடி எச்சரிக்கையாய் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த சேலத்து மண்ணில் வாழும் நமக்கு அந்தச் சாயல் எது என்று விளக்கவேண்டியதில்லை. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த அந்த எச்சரிக்கைக்கு இன்றுதான் உண்மையான தேவை வந்திருக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிறகு இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. 1953-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மாலைப் பூசைக்கு வழி திறந்தார். 1957-இல் அதனை இன்னும் விரிவாக்கினார். கதிரவன் மறைந்த பின்னும் கோவிலுக்கு மக்கள் வரத் தொடங்கினர். அடுத்தது இதனினும் பெரிது. 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டு, இறைமக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்குபெற வேண்டும் என்று வலியுறுத்தியது. சில ஆண்டுகளுக்குள் திருப்பலி தமிழில் ஒலித்தது. மக்கள் விடையளித்தனர், பாடினர், வாசகரின் முகத்தைப் பார்த்துச் செவிமடுத்தனர், ஒருவருக்கொருவர் சமாதானம் கூறினர். இவை அனைத்திற்கும் கண் வேண்டும், கண்ணுக்கு ஒளி வேண்டும். இன்றைய திருப்பலி நூலின் பொது விதிகளும் 311-ஆம் எண்ணில், இறைமக்கள் உள்ளத்தால் மட்டுமன்றிக் கண்ணாலும் முறையாகப் பங்கேற்கத்தக்கவாறு அவர்களுடைய இடங்கள் அக்கறையோடு அமைக்கப்பட வேண்டும் என்கின்றன. வழிபாட்டு முறை மாறி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. பல கோவில்களில் விளக்கு மட்டும் இன்னும் இலத்தீன் பூசைக் காலத்திலேயே நிற்கிறது.

இதனால் இழப்பு யாருக்கு? இளைஞர்களுக்கு அன்று, அவர்கள் அரையிருளிலும் வாசித்துவிடுவர். வயது முதிர்ந்த ஒரு தாயைக் கவனியுங்கள். முன்பெல்லாம் பாடற்புத்தகத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வருவார். ஒரு நாள் முதல் புத்தகம் வருவதில்லை. பிறகு பாட்டும் நின்றுவிடுகிறது. கேட்டால், "கண்ணு தெரியறதில்லீங்க சாமி, வயசாயிருச்சு" என்பார். ஆனால் வீட்டுத் திண்ணையில் காலை வெளிச்சத்தில் அதே புத்தகத்தை அவர் வாசிக்கிறாரே! இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதினரின் விழித்திரையை அடைகிறது என்று கண் மருத்துவம் கூறுகிறது. கண்மணி சுருங்கிவிடுகிறது, வில்லை மஞ்சளிக்கிறது. கண்புரை தொடங்கியிருந்தால் எதிரே கூசும் விளக்கு இன்னும் துன்பம் தரும். ஆக, ஒளி மிகுதியாகவும் வேண்டும், அது கண்ணில் குத்தவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதுதான் இதிலுள்ள கலை.

இந்தக் கலையை வெண்ணந்தூர்ப் பகுதி மக்களுக்கு நான் கற்பிக்கத் தேவையில்லை. குழித்தறியில் அமர்ந்து நெய்தவர் தறியைச் சன்னலோரம் போட்டுக்கொண்டது எதற்காக? விசைத்தறிக் கூடத்தில் டியூப் லைட்டைத் தறிக்கு நேர்மேலே, பாவின்மீது ஒளி விழும்படி தொங்கவிடுவது எதற்காக? இழை அறுந்தால் அந்தக் கணமே தெரியவேண்டும்; விளக்கு நெய்பவரின் கண்ணுக்கு நேராக இருந்தால் இழையும் தெரியாது, மாலைக்குள் தலைவலியும் வந்துவிடும். ஒளி துணியின்மேல் விழவேண்டும், கண்ணின்மேல் அன்று. வாரம் முழுதும் இந்த நெறியோடு உழைப்பவர்கள் ஞாயிறன்று கோவிலுக்கு வந்து, எதிரே கண்ணைப் பறிக்கும் ஃப்ளட் லைட்டைப் பார்த்தபடி, மடியில் இருக்கும் புத்தகம் தெரியாமல் அமர்ந்திருக்கிறார்கள். தறிக்குக் கொடுக்கும் மதிப்பைத் திருப்பாடலுக்கும் கொடுப்போமே!

அளவைப் பற்றிச் சிறிது. ஒரு விளக்கிலிருந்து புறப்படும் ஒளியை லூமன் என்றும், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் வந்து விழும் ஒளியை லக்ஸ் என்றும் அளப்பர். ஒரு மெழுகுத்திரி ஒரு மீட்டர் தொலைவில் தருவது ஏறத்தாழ 1 லக்ஸ். நடுப்பகல் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். கோவிலில் மக்கள் அமரும் இடத்திற்கு 100 முதல் 200 லக்ஸ் வரையும், வாசக மேடைக்கு 300 லக்ஸ் அளவும் போதுமென்பது ஒளியமைப்புப் பொறியாளர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. முதியோர் அமரும் பகுதிக்கு 200-ஐ ஒட்டி வைப்பது நல்லது. இதை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது; கைப்பேசியிலும் தோராயமாக அளக்கலாம். என்னைக் கேட்டால் இவற்றினும் நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. இரவு ஏழு மணிக்குப் பங்கின் பாடற்புத்தகத்தை அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட மூவரிடம் கொடுத்து, ஒருவரை முன்னும் ஒருவரை நடுவிலும் ஒருவரைக் கடைசித் தூணருகிலும் அமர்த்தி, வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் விளக்குப் போதவில்லை.

எந்த உயரத்தில் அளப்பது என்பதிலும் நமக்கென்று ஒரு சிறப்பு உண்டு. மேல்நாட்டு நூல்கள் மரப்பெஞ்சில் அமர்வோரை எண்ணி எழுதப்பட்டவை. நம் ஊர்க் கோவில்களில் பெரும்பாலோர் பாயிலோ தரையிலோ அமர்கிறோம். முதியோருக்கு மட்டும் ஓரத்தில் நாற்காலி. தரையில் அமர்ந்தவரின் மடியிலுள்ள புத்தகம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்கூட இராது. அவ்வளவு கீழே ஒளி வந்து சேரவேண்டும். விளக்கு முழுவதும் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவரவர் தலைநிழலே புத்தகத்தின்மேல் விழும். மேலும் தரையில் இருப்பவர் பீடத்தைக் காண முகத்தை உயர்த்தித்தான் பார்க்கவேண்டும். அப்போது பெஞ்சில் இருப்பவருக்குத் தெரியாத விளக்கெல்லாம் இவர் கண்ணுக்கு நேரே வந்துவிடும். எனவே மறைப்பில்லாத விளக்குகள் நமக்கு இருமடங்கு தொல்லை. விளக்கைப் பக்கச் சுவரிலும் தூண்களிலும் சற்று உயரத்தில் பொருத்தி, முன்பக்கம் தெரியாதபடி சிறு தகட்டு மறைப்பு வைத்தால் ஒளி கீழே விழும், கண்ணில் விழாது. ஒரு பகுதி ஒளியை மேற்கூரையை நோக்கித் திருப்பிவிட்டால் அது அங்கிருந்து சிதறி மென்மையாக இறங்கும். முகங்களில் கருநிழல் படியாது. ஆனால் அதற்குக் கூரை வெள்ளையாயிருக்க வேண்டும். நல்ல வெள்ளை, தன்மேல் படும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். கரும்பழுப்பு மரப்பலகையோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். திருவிழாவுக்கு முன் வெள்ளையடிப்பதும் ஒரு விளக்குப் போடுவதற்குச் சமம்.

மின்விசிறியைப் பற்றியும் சொல்லவேண்டும். இது சிறு காரியம் என்று விட்டுவிடுவதால் விளையும் தொல்லை பெரிது. விளக்கை உச்சியில் பொருத்தி, அதற்குக் கீழே விசிறியைத் தொங்கவிடுகிறோம். விசிறி சுழலும்போது அதன் இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டி, கீழே இருப்போர்மேல் நிழல் துடிக்கிறது. மறையுரை முழுவதும் இத்துடிப்பின்கீழ் அமர்ந்திருப்பவருக்குத் தலை சுற்றும். ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு அது பெருந்துன்பம். மறையுரையின்போது வெளித் தாழ்வாரத்திற்கு எழுந்து செல்வோர் எல்லாரும் பக்தி குறைந்தவர்கள் அல்லர் என்பதை என் சகோதர குருக்களுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். விளக்கு விசிறி இறக்கையின் மட்டத்திற்குக் கீழே இருக்கவேண்டும்; இயலாவிடில் இரண்டு விசிறிகளுக்கு நடுவே, இறக்கை எட்டாத தொலைவில் இருக்கவேண்டும்.

நிறத்திலும் ஒரு தேர்வு உண்டு. இப்போது மலிவாகக் கிடைக்கும் எல்.ஈ.டி. விளக்குகளில் பெரும்பாலானவை 6500 கெல்வின் என்று பெட்டியில் குறிக்கப்பட்ட நீலவெண்மை ஒளி தருபவை. கடைக்கும் பட்டறைக்கும் அவை பொருந்தலாம். கோவிலில் அவ்வொளி முகங்களை வெளிறச் செய்கிறது; மெழுகுத்திரியின் சுடர் அதன் அருகில் அழுக்கு மஞ்சளாகத் தோன்றுகிறது. 3000 முதல் 4000 கெல்வின் வரை உள்ளவை சுடரோடு ஒத்துப்போகும். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. கேட்டு வாங்கவேண்டும், அவ்வளவே.

இனி, நாடகக் கொட்டகைச் சாயலுக்கு வருவோம். பீடத்தின்மேல் ஒளி சற்று மிகுந்திருப்பது முறையே. கண் இயல்பாக அங்கே செல்லும். மக்கள் பகுதியைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருந்தால் போதும். பத்து மடங்கானால் அது மேடையாகிவிடும். கீழே இருப்போர் இறைமக்கள் அல்லர், பார்வையாளர் ஆகிவிடுவர். பாடல் வரிகளைத் திரையில் காட்டும் கருவி வந்தபின் சில இடங்களில் திரை நன்றாகத் தெரிவதற்காக மக்கள் பக்கத்து விளக்குகளை அணைத்துவிடுகின்றனர். 2020-இல் பெருந்தொற்றினால் கோவில்கள் மூடப்பட்டபோது திருப்பலியை இணையத்தில் ஒளிபரப்பத் தொடங்கினோம். அது அக்காலத்துக்கு ஒரு வரம். ஆனால் அதற்கென்று பீடத்தை நோக்கிப் போட்ட வலிய விளக்குகள் மக்கள் திரும்பி வந்தபின்னும் அப்படியே நிற்கின்றன. புகைப்படக்கருவிக்கு வேண்டிய ஒளி வேறு, செபிப்பவருக்கு வேண்டிய ஒளி வேறு. அருகிலிருப்பவர் முகமே தெரியாத இருட்டில் அவருக்குச் சமாதானம் கூறுவது எவ்வாறு?

பகலொளியை மறந்துவிடலாகாது. அதற்குக் கட்டணமும் இல்லை. புதுச்சேரி திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் புனிதர்கள் ஒளிர்வதைக் கண்டிருப்பீர்கள். 1907-இல் கட்டி முடிந்த அக்கோவிலின் அழகு கண்ணை நிறைக்கும். ஆனால் எல்லாப் பங்குக்கும் அது இயலாது. செங்கலும் சுண்ணாம்பும் இருந்தாலே செய்யக்கூடியதற்கு வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியம் என்னுமிடத்தில், லொயோலா வளாகத்துச் சிற்றாலயத்தை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாரி பேக்கர் கட்டினார். சுவரில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடைபோல் அமைத்தார். ஒளி ஆயிரம் சிறு துளிகளாக உள்ளே வருகிறது, காற்றும் வருகிறது, வெயில் மட்டும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. நம் சமவெளியின் வெயிலுக்கு இம்முறை எவ்வளவு பொருத்தம்! புதிதாகக் கோவில் கட்டும் பங்குகளேனும் கண்ணாடி பதித்த முகப்புக்கு முன் இதனை எண்ணிப் பார்க்கலாம். பழைய கோவில் உடையவர்கள், பீடத்திற்கு நேர் பின்னே சன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். கிழக்குச் சன்னலாயின் காலைத் திருப்பலியில் குருவின் முகம் கருநிழலாகவே தெரியும். ஒரு மெல்லிய திரைச்சீலை போதும்.

செலவைக் கணக்கிடுவோம். 60 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள கோவில் என்று கொள்ளுங்கள். ஏறத்தாழ 167 சதுர மீட்டர். 150 லக்ஸ் வேண்டுமாயின் தரையில் 25,000 லூமன் விழவேண்டும். சுவரும் கூரையும் விழுங்குவது, தூசியால் குறைவது ஆகியவற்றைக் கழித்தால் விளக்கிலிருந்து புறப்படுவதில் ஐந்தில் இரண்டு பங்கே பயனாகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 62,500 லூமன் தேவை. 20 வாட் எல்.ஈ.டி. குழல்விளக்கு ஒன்று சுமார் 2,000 லூமன் தரும். ஆக முப்பது விளக்குகள், 600 வாட். பழைய 40 வாட் டியூப் லைட்டுகளால் இதே ஒளியைப் பெற, சோக்கில் இழப்பதையும் சேர்த்து 1,200 வாட்டுக்கு மேல் செலவாகியிருக்கும். மின்கட்டணம் பாதியாகிறது. மின்வெட்டு வேளையில் இன்வெர்ட்டரும் தாங்கும்.

விளக்கின்மேல் சிவப்பு மையால் 'உபயம்' என்று பெயர் எழுதும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொடுத்த ஒளியைக் கொடுத்தவர் பெயரே மறைப்பதில் என்ன பொருள்? பெயருக்குப் பங்கின் பதிவேடு இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, தவக்காலத் தொடக்கத்திலும் திருவருகைக் காலத் தொடக்கத்திலும், இளைஞர்கள் ஏணி வைத்து விளக்குகளைத் துடைத்தால் புது விளக்கு வாங்கும் தேவை குறையும். அப்போதே பழைய வயர்களையும் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் பார்த்துவிடட்டும். சரவிளக்குகளை எல்லாம் ஒரே பிளக்கில் மாட்டும் கிறிஸ்து பிறப்பு நாளில் அது மிகவும் வேண்டியது.

எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் இணைத்துவிடாதீர்கள். பீடம், வாசக மேடை, மக்கள் பகுதியின் முன்பாதி, பின்பாதி, தாழ்வாரம் என்று பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். நற்கருணை ஆராதனை வேளையில் மக்கள் பகுதியில் பாதி ஒளி போதும். மௌனத்திற்கு மங்கல் துணைசெய்யும். பாஸ்கா திருவிழிப்பில் கோவில் முழுவதும் இருண்டிருக்க, பாஸ்கா திரியிலிருந்து சுடர் கைக்குக் கை பரவும். மூன்றாம் முறை 'கிறிஸ்துவின் ஒளி' என்று பாடியபின் கோவில் விளக்குகள் ஏற்றப்படும். அந்நேரத்தில் எந்தச் சுவிட்ச் எதற்கு என்று தெரியாமல் கோவில்பிள்ளை இருட்டில் தடவிக்கொண்டிருப்பதும், விசிறி சுழன்று எல்லார் திரியையும் அணைத்துவிடுவதும் ஆண்டுதோறும் எங்கேனும் நடக்கிறது.

பணம் போதாத பங்குகள் பின்வரிசையிலிருந்து தொடங்கலாம். அங்கேதான் ஒளி மிகக் குறைவு. முதியோரும், கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும், தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்து பிந்திச் சேர்பவர்களும் அங்கேதான் அமர்கின்றனர். முதலில் அப்பகுதிக்கு ஆறு விளக்குகள். அடுத்த திருவிழாவுக்குள் நடுப்பகுதி. பீடத்துக்கு இப்போதுள்ளதே போதும்.